மேடைக்கும் வீட்டு ஒலிப்பதிவுக்கும் ஒரே கீபோர்டு: எப்படித் தேர்ந்தெடுப்பது?

சென்னையில் மெல்லிசைக் குழுவிலோ தேவாலயப் பாடகர் குழுவிலோ வாசித்துக்கொண்டு, வீட்டிலும் நாலு பாடல்களைப் பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தக் கீபோர்டில் சவுண்டு நன்றாக இருக்கும்?" என்பதுதான். அந்தக் கேள்வியை நான் எப்போதும் மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிடுகிறேன். இன்று நடுத்தர விலையில் கிடைக்கும் நல்ல சிந்தசைசர்கள் எல்லாவற்றிலும் பியானோ, ஸ்ட்ரிங்ஸ், ஆர்கன், பிராஸ் ஆகிய டோன்கள் கச்சேரிக்குப் போதுமான தரத்தில்தான் இருக்கின்றன. கல்யாண மண்டபத்தின் ஒலிபெருக்கியில், டிரம்ஸுக்கும் பேஸுக்கும் நடுவில், அவற்றுக்கு இடையே உள்ள நுட்பமான வேறுபாடுகள் பெரும்பாலும் அமுங்கிப்போகின்றன. அமுங்காத வேறுபாடுகள் வேறு உள்ளன: கீகள் விரலுக்கு எப்படிப் பதில் சொல்கின்றன, ஒரு டோனிலிருந்து இன்னொரு டோனுக்கு எவ்வளவு விரைவாகப் போக முடிகிறது, பாடகர் திடீரென்று சுருதியை மாற்றச் சொன்னால் எத்தனை பொத்தான்களை அழுத்த வேண்டியிருக்கிறது, இரண்டாம் மாடி மண்டபத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஏறிய பிறகு கையில் நடுக்கம் இல்லாமல் வாசிக்க முடிகிறதா என்பவை.

மேடை, வீடு என்ற இரண்டில் மேடையை மனத்தில் வைத்தே கருவியைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. வீட்டில் பக்கத்தில் கணினி இருக்கிறது. கீபோர்டில் இல்லாத வயலின் குழுவையும் கிராண்ட் பியானோவையும் மென்பொருள் தந்துவிடும். ஒரு வரி பிடிக்காவிட்டால் மறுபடியும் வாசித்துக்கொள்ளலாம். மேடையில் அந்தக் குறையை நிரப்ப எதுவும் வராது. மேடைக்குப் பொருந்திய கருவி வீட்டுப் பதிவுக்கும் ஏறக்குறைய எப்போதும் பொருந்திவிடுகிறது. வீட்டுப் பதிவுக்காகவே வாங்கிய கருவி மேடையில் கைகொடுக்கும் என்று அப்படிச் சொல்ல முடியாது.

எந்த வகை உங்களுக்கு?

கடைக்காரர்கள் எல்லாவற்றையும் கீபோர்டு என்றே சொன்னாலும், வாங்குகிறவருக்கு வகை தெரிந்திருக்க வேண்டும். ஸ்டைல் என்ற ஆயத்தத் தாள அமைப்பை வைத்து, இடது கையில் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) பிடித்தால் டிரம்ஸும் பேஸும் தானாக ஓடும் கருவி அரேஞ்சர். யமஹா பிஎஸ்ஆர்-ஐ500 போன்ற, இந்தியத் தாளங்களையும் டோன்களையும் சேர்த்துத் தரும் கருவிகள் இந்த வகையைச் சேர்ந்தவை; யமஹா 2019 முதல் சென்னைக்கு அருகிலேயே தொழிற்சாலை நடத்துகிறது. ஒரே ஆள் கீபோர்டோடு பாடகரை மட்டும் வைத்துக்கொண்டு நிகழ்ச்சி நடத்துவதற்கு அரேஞ்சரை மிஞ்சியது இல்லை. ஆனால் உங்கள் குழுவில் டிரம்மரும் ரிதம் பேடு வாசிப்பவரும் இருந்தால் அந்த ஸ்டைல்களுக்குக் கொடுத்த பணம் அப்படியே தூங்கும். கீகளின் தரத்திலும் வெளியீட்டு ஜாக்குகளிலும் நிறுவனங்கள் மிச்சம் பிடிப்பதும் பெரும்பாலும் விலை குறைந்த அரேஞ்சர்களில்தான்.

டோன்களை உருவாக்கவும் மாற்றவும் சேமிக்கவும் உதவுவது சிந்தசைசர். அதோடு பல தடங்களில் பாடலைப் பதிந்து அமைக்கும் வசதியும் உள்ளது வொர்க்ஸ்டேஷன். 1988-இல் வந்த கோர்க் எம்1 இந்த வகையைப் பரவலாக்கியது. தாமே ஒலி தராமல் கணினிக்குக் கட்டளை மட்டும் அனுப்புவது மிடி கன்ட்ரோலர். கன்ட்ரோலரும் மடிக்கணினியும் வைத்து மேடையில் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவே வாசிக்கிறார்கள். ஆனால் முதல் கருவியாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குழுவில் வாசிக்கவும் வீட்டில் பதியவும் வேண்டும் என்றால் உங்கள் இடம் சிந்தசைசர் அல்லது எளிய வொர்க்ஸ்டேஷன். ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10, ஜூனோ டிஎஸ், கோர்க் கிராஸ், யமஹா மோடெக்ஸ் ஆகியவை நம் ஊர்க் குழுக்களில் அடிக்கடி கண்ணில் படுபவை.

கீகளும் எடையும்

61 கீகளா, 76-ஆ, 88-ஆ என்ற கேள்விக்கு விடை உங்கள் இடது கையில் இருக்கிறது. பியானோவை முறையாகக் கற்று, ட்ரினிட்டி இசைத் தேர்வுகளுக்குத் தயாராகிக்கொண்டே குழுவிலும் வாசிப்பவருக்கு, பியானோவைப் போலக் கனமாக அழுந்தும், சுத்தியல் அமைப்புள்ள 88 கீகள் தேவை. மற்றவர்களுக்கு, குறிப்பாகத் திரையிசையில் வலது கையால் ஸ்ட்ரிங்ஸ் ஓட்டங்களும் இடது கையால் கார்டுகளும் வாசிப்பவர்களுக்கு, 61 கீகள் போதும். கனமான கீகளில் ஆர்கன், பிராஸ், வேகமான ஸ்ட்ரிங்ஸ் வரிகள் வாசித்தால் விரல் சோர்ந்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எடையைத் தாளில் பார்க்கும்போது பெரிதாகத் தெரியாது. கோர்க் கிராஸ் 2-இன் 61 கீ வடிவம் 3.8 கிலோ, ஜூனோ டிஎஸ்61 5.3 கிலோ, மோடெக்ஸ் 6 6.6 கிலோ, அதே மோடெக்ஸின் 88 கீ வடிவம் 13.8 கிலோ. இதோடு உறை, ஸ்டாண்டு, பெடல், கேபிள் பை ஆகியவற்றின் எடையும் சேரும். முதுகில் மாட்டிக்கொண்டு இரு சக்கர வண்டியில் போகலாம், மின்சார ரயிலில் ஓரமாக நிற்கலாம் என்பதெல்லாம் 61 கீகள் வரைதான். 88 கீ கருவி ஒன்றே கால் மீட்டரைத் தாண்டும் நீளமுடையது. ஆட்டோவில் அதைச் சாய்த்து, ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார வேண்டும். மாதத்தில் எட்டு நிகழ்ச்சி வாசிப்பவர் இதை வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

1842-இல் வேறு பெயரில் தொடங்கி இன்றும் அண்ணா சாலையில் இயங்கும் மியூசி மியூசிகல் போன்ற கடைகளில் கருவிகளைத் தொட்டுப் பார்த்து வாங்க முடிகிறது என்பது சென்னைக்காரர்களுக்கு வாய்த்த வசதி. இணையத்தில் விலை சற்றுக் குறைவாக இருந்தாலும், முதல் கருவியைக் கை வைக்காமல் வாங்காதீர்கள். வார நாளில் காலையில், கூட்டம் இல்லாத நேரத்தில், உங்கள் சொந்த ஹெட்போனை எடுத்துக்கொண்டு போங்கள். கடையின் டெமோ பொத்தானை அழுத்தவே வேண்டாம். அது திறமையான ஒருவர் முன்பே வாசித்து வைத்தது, நீங்கள் வாசிக்கப் போவது அல்ல.

முதலில் பியானோ டோனை வைத்து, நடுவில் உள்ள ஒரு கீயை மிக மெல்லிய அழுத்தத்தில் இருபது முறை தட்டுங்கள். எல்லாத் தட்டும் ஒரே அளவில் ஒலிக்கிறதா, இடையில் ஒன்று கத்துகிறதா, ஒன்று ஒலிக்காமல் போகிறதா என்று கேளுங்கள். பிறகு அதே கீயை முனையில் தட்டாமல், கறுப்புக் கீகளுக்கு நடுவில், உள்பக்கமாகத் தட்டுங்கள். மலிவான அமைப்பில் அந்த இடத்தில் கீ இறுகி நிற்கும். ஈ-பிளாட், ஏ-பிளாட் போன்ற சுருதிகளில் கார்டு பிடிக்கும்போது விரல் அங்கேதான் விழும்.

அடுத்தது, நான் மிக முக்கியமாகக் கருதும் சோதனை. ஸ்ட்ரிங்ஸில் ஒரு கார்டைப் பெடலோடு பிடித்துக்கொண்டே புல்லாங்குழல் டோனுக்கு மாறுங்கள். பிடித்த கார்டு இயல்பாகத் தேய்ந்து மறைகிறதா, கத்தரித்ததுபோல் அறுந்து விழுகிறதா? பல்லவி முடிந்து இடையிசை தொடங்கும் அரை நொடியில் இது அப்பட்டமாகக் கேட்கும். சில கருவிகள் இந்த மாற்றத்தைத் தடையின்றிச் செய்யும். சில, குறிப்பிட்ட வகைச் சேமிப்புகளுக்குள் மட்டும் செய்யும். விற்பனையாளரின் சொல்லை நம்பாமல் உங்கள் காதால் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இதோடு சேர்த்து, ஒரு பாடலுக்கு வேண்டிய நான்கு டோன்களை அடுத்தடுத்து ஒரே பொத்தானில் வரும்படி அமைக்க முடிகிறதா என்று பாருங்கள். இடது பக்கம் பேஸ், வலது பக்கம் பியானோவோடு ஸ்ட்ரிங்ஸ் என்று பிரித்தும் அடுக்கியும் வைத்த அமைப்பைச் சேமித்து, கருவியை அணைத்துப் போட்டு, அது அப்படியே திரும்ப வருகிறதா என்றும் பாருங்கள். பட்டியலில் ஆயிரம் டோன்கள் இருப்பதைவிட, கண்ணால் தேடாமல் எட்டு டோன்களுக்குக் கை போவது பெரிது.

சுருதி மாற்றும் வசதியைச் சோதிக்காமல் வரவே கூடாது. நம் பாடகர்கள் கட்டையில் பேசுகிறார்கள்: ஒரு கட்டை என்றால் சி, ஐந்து கட்டை என்றால் ஜி, ஐந்தரை என்றால் ஜி-ஷார்ப். ஒத்திகையில் நான்கரை என்று முடிவான பாடல், பாடகிக்கு அன்று தொண்டை கட்டியதால் மேடையில் நான்காக இறங்குவது வாரந்தோறும் நடப்பது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில், இப்படி ஒரு பாடலுக்காக நான் அரைக் கட்டை இறக்கி வைத்ததை மறந்துவிட்டேன். அடுத்த பாடலின் முன்னிசையைக் கிட்டாரும் நானும் சேர்ந்து தொடங்கினோம். இரண்டு பேரும் சரியாக வாசித்தோம், ஆனால் அரைக் கட்டை இடைவெளியில். அந்தக் கருவியில் சுருதி மாற்றம் மூன்றாவது திரைக்குள் ஒளிந்திருந்தது. நான்கு தாளச் சுற்றுகள் போனபின்தான் என்னால் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. அன்று முதல், சுருதி மாற்றத்துக்குத் தனிப் பொத்தான் வேண்டும், மாற்றியிருக்கிறோம் என்பதை விளக்கோ எண்ணோ முதல் திரையிலேயே காட்ட வேண்டும் என்ற இரண்டையும் கட்டாயமாக வைத்திருக்கிறேன்.

கடைசியாக, பிடித்த சுரத்தை மேலும் கீழும் வளைக்க உதவும் பிட்ச் பெண்ட். மேல்நாட்டு விமரிசனங்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடும். நமக்கு இது உயிர். பெரும்பாலான கருவிகளில் இது மேலும் கீழும் இரண்டு அரைச்சுரங்கள் நகரும்படி அமைந்து வருகிறது. சி-யை ஷட்ஜமமாக வைத்துத் தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: அது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஆடுவது. ஈ-பிளாட்டைப் பிடித்தால், கீழே இரண்டு அரைச்சுரத்தில் ரிஷபம், மேலே இரண்டு அரைச்சுரத்தில் மத்யமம். அதாவது தொழிற்சாலை அமைப்பே அந்த ஆட்டத்துக்குச் சரியாகப் போதும். ஷட்ஜமத்திலிருந்து பஞ்சமத்துக்கு வழுக்கிப் போக வேண்டுமானால் அந்த அளவை ஏழாக உயர்த்த வேண்டும். உயர்த்தினால் சிறிய அசைவுக்கே சுரம் எங்கேயோ போய்விடும் என்பதால், இரண்டு அமைப்புகளையும் தனித்தனி டோன்களாகச் சேமிப்பதே வழி. ரோலண்டில் இது பக்கவாட்டில் நகரும் நெம்புகோல். யமஹாவில் முன்னும் பின்னும் உருளும் சக்கரம். இவற்றில் எது உயர்ந்தது என்று சொல்ல மாட்டேன். வயலின் வாசித்துப் பழகிய கைக்குப் பக்கவாட்டு அசைவு எளிதாக வருவதைப் பார்த்திருக்கிறேன். நாதஸ்வர டோனை வைத்து ஐந்து நிமிடம் ஆலாபனை செய்து பாருங்கள். உங்கள் மணிக்கட்டே சொல்லிவிடும்.

பாலிஃபோனி, அதாவது கருவி ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய குரல்களின் எண்ணிக்கையை, ஒரு கணக்கோடு புரிந்துகொள்ளலாம். ஸ்டீரியோ பியானோவில் ஒரு சுரத்துக்குப் பொதுவாக இரண்டு குரல்கள் செலவாகும். அதோடு ஸ்டீரியோ ஸ்ட்ரிங்ஸ் அடுக்கினால் நான்கு. பெடலை மிதித்துக்கொண்டு எட்டுச் சுரக் கார்டுகள் மூன்று வாசித்தால் 24 சுரங்கள், 96 குரல்கள். 64 குரல்கள் உள்ள கருவியில் முதல் கார்டு அதற்குள் காணாமல் போயிருக்கும். 128 இருந்தால் மேடைக்குக் கவலை இல்லை.

ஜாக்கும் மின்சாரமும்

மேடையில் சவுண்டு பார்ப்பவர் உங்களுக்கு இரண்டு கேபிள் தருவார் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் ஒன்றுதான் வரும். பல கருவிகளில் இடது ஜாக்கில் மட்டும் கேபிள் செருகினால் இரண்டு பக்க ஒலியும் சேர்ந்து ஒன்றாக வரும். அப்படிச் சேரும்போது சில ஸ்டீரியோ பியானோக்கள் மெலிந்து, டப்பாவுக்குள் வாசிப்பதுபோல ஆகிவிடுகின்றன. எனவே கடையிலேயே ஒற்றைக் கேபிளில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். ஹெட்போன் ஜாக்கை மட்டுமே வெளியீடாகக் கொண்ட கருவியை மேடைக்கு வாங்க வேண்டாம். கீபோர்டின் ஒலியை நீண்ட கேபிளுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டியான டி.ஐ. பாக்ஸ் ஒன்றைச் சொந்தமாகப் பையில் வைத்துக்கொள்வது, நீண்ட கேபிளில் வரும் இரைச்சலிலிருந்தும் ஜெனரேட்டர் ஓடும் மேடைகளில் கேட்கும் "ம்ம்ம்" என்ற ஓசையிலிருந்தும் காப்பாற்றும்.

மின்சாரம் ஒரு நொடி போய் வந்தால் கருவி மறுபடி தயாராக எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து அளங்கள். உள்ளே கணினியைப் போலவே இயங்கும் பெரிய வொர்க்ஸ்டேஷன்கள் சிலவற்றுக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆகும். பாடகர் மைக்கோடு நிற்கும்போது அது மிக நீண்ட நேரம். ஜூனோ டிஎஸ்61, கிராஸ் போன்றவை பேட்டரியிலும் இயங்குவதால், கோயில் திருவிழா மேடைகளுக்கு அந்த வசதியை நான் பெரிதும் மதிக்கிறேன். அடாப்டரில் இயங்கும் கருவியென்றால் கூடுதலாக ஒன்று வாங்கி வையுங்கள். சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் வோல்ட் அளவு, ஆம்பியர் அளவு, முனையின் நடுப்பகுதி நேர்மின்னா எதிர்மின்னா என்ற மூன்றையும் கருவியின் பின்னால் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிட்ட பிறகே செருக வேண்டும். நடுமுனை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

வீட்டுப் பதிவு

ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி 1989-இல் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தபோது அதற்குத் தேவைப்பட்ட கருவிகளின் பெரும்பகுதி, இன்று ஒரு மடிக்கணினிக்குள் மென்பொருளாக அடங்கிவிட்டது. கீபோர்டிடம் கேட்க வேண்டியது குறைவு: யூஎஸ்பி வழியாக மிடி கட்டாயம் வேண்டும், அதே கேபிளில் ஒலியும் போனால் நல்லது.

மிடி 1983 முதல் புழக்கத்தில் உள்ள பொது மொழி. அது ஒலியைப் பதியாது. எந்தக் கீயை, எப்போது, எவ்வளவு வேகத்தில் அழுத்தினீர்கள் என்பதைப் பதியும். அதனால் இன்று பியானோவில் வாசித்ததை நாளை வீணையாக மாற்றலாம், தவறிய ஒரு சுரத்தை மட்டும் திருத்தலாம். நான் மிடியையும் ஒலியையும் சேர்த்தே பதிகிறேன். கீபோர்டின் சொந்த டோன் பிடித்துப்போனால் அது கையில் இருக்கும், பிடிக்காவிட்டால் மிடி இருக்கும். மோடெக்ஸ் போன்ற கருவிகள் ஒரே யூஎஸ்பி கேபிளில் பல ஒலித் தடங்களைக் கணினிக்கு அனுப்புகின்றன. அந்த வசதி இல்லாத கருவிக்கு ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும், இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கினால் போதும். பாடகரின் மைக்குக்கும் அதுவே உதவும் என்பதால், யூஎஸ்பி ஒலி இல்லை என்பதற்காக மட்டும் நல்ல கீகள் உள்ள கருவியை ஒதுக்காதீர்கள்.

மென்பொருள் டோன்களை வாசிக்கும்போது விரலுக்கும் காதுக்கும் இடையே தாமதம் தெரிந்தால், கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் தொகுதியான பஃபரின் அளவைக் குறையுங்கள். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற அமைப்பில், பஃபர் 512 என்றால் ஏறக்குறைய 12 மில்லிநொடி தாமதம். 128 என்றால் 3 மில்லிநொடி. பதியும்போது 128, கலவை செய்யும்போது 512 என்று மாற்றிக்கொண்டால் கணினியும் திணறாது. மடிக்கணினி சார்ஜரைச் செருகியதும் இரைச்சல் கேட்டால், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் கோளாறு கீபோர்டில் இல்லை, பூமி இணைப்பில் இருக்கிறது.

பழைய கருவி வாங்கினால்

ஒவ்வொரு கீயின் அடியிலும் ரப்பரில் இரண்டு தொடர்புப் புள்ளிகள் இருக்கின்றன. முதலாவது தொடுவதற்கும் இரண்டாவது தொடுவதற்கும் இடையே உள்ள நேரத்தை அளந்துதான், மெல்ல அழுத்தினீர்களா ஓங்கி அழுத்தினீர்களா என்று கருவி அறிகிறது. கடலோரக் காற்றின் ஈரமும் தூசியும் அந்தப் புள்ளிகளில் படிந்தால், மெல்லத் தொட்டாலும் ஒரு கீ மட்டும் முழுச் சத்தத்தில் அலறும், அல்லது ஊமையாகும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலை ஒட்டிய வீட்டில் மூடாமல் கிடந்த கருவியென்றால் இன்னும் கவனம் தேவை. 61 கீகளையும் ஒவ்வொன்றாக மெல்லவும் ஓங்கியும் தட்டுங்கள். இரண்டு மூன்று கீகளில் மட்டும் குறை என்றால் சுத்தம் செய்து சரியாக்கிவிடலாம், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். பிட்ச் பெண்ட்டை விட்டதும் சுரம் சரியாக நடுவுக்குத் திரும்புகிறதா, ஒலியளவைத் திருகும்போது கரகரக்கிறதா, ஜாக்கில் கேபிளை ஆட்டினால் ஒலி விட்டு விட்டு வருகிறதா என்பவற்றையும் பாருங்கள். திரையில் பாதி எழுத்துகள் மங்கியிருந்தால் வேண்டாம்.

பணத்தைப் பிரிக்கும்போது, ஐந்தில் ஒரு பங்கைத் துணைப் பொருள்களுக்கு ஒதுக்குங்கள். ஆடாத ஸ்டாண்டு, பஞ்சு வைத்த உறை, இரண்டு நல்ல கேபிள்கள், சுரத்தை நீட்டிக்கும், பியானோவில் இருப்பது போன்ற கனமான சஸ்டெயின் பெடல் ஆகியவை இல்லாமல் முதல் நிகழ்ச்சிக்குப் போகக் கூடாது. பெடலின் மின்முனை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், மிதிக்கும்போது ஒலி நின்று, காலை எடுக்கும்போது நீள்கிறது என்றால் பெடலின் அடியில் உள்ள சிறு சுவிட்சை மாற்றுங்கள். சுவிட்ச் இல்லையென்றால், பெடலை மிதிக்காமல் கருவியை ஒரு முறை அணைத்துப் போட்டால் பல கருவிகள் தாமே சரிசெய்துகொள்ளும்.

வீட்டுக்கு வந்ததும் ரசீதையும் உத்தரவாத அட்டையையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, முதல் வாரம் புதிய டோன்களைத் தேடாமல், உங்கள் குழு வழக்கமாக வாசிக்கும் பத்துப் பாடல்களுக்கான அமைப்புகளை வரிசையாகச் சேமியுங்கள். அவற்றின் பிரதியை யூஎஸ்பி டிரைவில் எடுத்து, அந்த டிரைவை உறையின் பக்கப் பையிலேயே போட்டு வையுங்கள். பிறகு ஒத்திகைக்குப் போய், எல்லா அமைப்புகளின் ஒலியளவையும் டிரம்ஸோடு சேர்த்துக் கேட்டுச் சமன்படுத்துங்கள். ஹெட்போனில் சரியாகத் தோன்றிய ஸ்ட்ரிங்ஸ் அங்கே பாடகரை மூடும், பியானோ அங்கே காணாமல் போகும்.